வாசலைத் தாண்டிய மேசை

முன்னறையிலிருந்து அந்தக் கனைப்புச் சத்தம் கேட்டது. முதலில் சின்னதாக ஒன்று. கொஞ்சம் பொறுத்து, இழுத்து ஒன்று.

அடுக்களையில் மீனைத் திருப்பிக்கொண்டிருந்த அண்ணியின் கை அப்படியே நின்றது. அதுவரை சந்தைக்கடையாக இருந்த முன்னறை, யாரோ கழுத்தைப் பிடித்தாற்போல் அடங்கிவிட்டது. பேச்சு இல்லை, சிரிப்பு இல்லை, கரண்டி தட்டில் படும் ஓசைகூட இல்லை. எண்ணெய் மட்டும் சடசடத்துக்கொண்டிருந்தது. வந்திருப்பது யார் என்று அதற்குத் தெரியாதே!

அவளுக்குத் தெரியும். அந்தத் தொண்டையை, அவனுக்கு மீசை முளைக்காத காலத்திலிருந்தே அவள் அறிவாள். கணவரின் தம்பி அவன். தாயில்லாப் பிள்ளை. அவள் கல்யாணமாகி வந்தபோது பள்ளிக்கூடப் பையனாக இருந்தான். பசித்தால் வாய்விட்டுக் கேட்க மாட்டான்; அடுக்களை வாசலில் வந்து நின்று கனைப்பான். இரண்டாவது கனைப்புக்கு முன்னே அவள் தட்டை நீட்டிவிடுவாள். அப்படிப் போட்டு வளர்த்த பிள்ளை.

"வந்துட்டியா?" என்று உதடு மட்டும் அசைந்தது. "வாடா, வா. ஒனக்காகத்தான் உசிரக் கையில பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன்."

சட்டியில் மீன் ஒரு பக்கம் கருகியது. அண்ணியின் அடுப்பில் மீன் கருகியது அதுதான் முதல் தடவை.

அண்ணி என்பது அவள் பெயரல்ல. அவள் கணவரைத் தெருவே அண்ணன் என்று கூப்பிட்டது. அதனால் அவள் தெருவுக்கே அண்ணி ஆனாள். அவளைவிட மூத்தவரான, ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர்கூட அப்படித்தான் கூப்பிடுவார். அந்தக் கண்டக்டருக்குத் தெரு வைத்த பெயர் விசில். வேலையை விட்டு வந்தபின்னும் சாப்பாட்டுக் கடையில் யாராவது எழுந்திருக்கத் தாமதித்தால், இல்லாத விசிலை வாயில் வைத்து ஊதிக் காட்டுவார்.

அண்ணனின் கடை தெரு முனையில் இருந்தது. உள்ளே நீளமாக ஒரே ஒரு மேசை. இரண்டு பக்கமும் பெஞ்சு. பட்டறைக்காரர்களும், ஆஸ்பத்திரி ஆட்களும், டாக்சி ஓட்டுகிறவர்களும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு சாப்பிடுவார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு இடம். அந்த இடத்தில் அவரவர் கோப்பை. விளிம்பு உடைந்தது, காது போனது, பூப்போட்டது என்று எதுவும் எதற்கும் ஜோடியில்லை. யாராவது ஊரில் இல்லை, உடம்புக்கு முடியவில்லை என்றால் அவருடைய கோப்பையைக் கவிழ்த்து வைப்பார்கள். கடையில் எவ்வளவு நெரிசல் இருந்தாலும் கவிழ்த்த கோப்பைக்கு முன்னால் யாரும் உட்காரக் கூடாது. உரியவர் திரும்பி வந்து தன் கையால் அதை நிமிர்த்த வேண்டும்.

இந்த வழக்கம் விசிலால் வந்தது. கண் ஆபரேஷன் முடிந்து அவர் திரும்பி வந்த நாளில் அவர் இடத்தில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள். மனுஷன் வாசலில் நின்று பார்த்தார், அப்படியே வீட்டுக்குப் போய்விட்டார். பெண்டாட்டி போனபிறகு அவருக்கென்று உலகத்தில் இருந்தது அந்த ஒரு பெஞ்சு இடம்தான். அண்ணன் கை கழுவாமல்கூடப் பின்னாலேயே ஓடி, கெஞ்சிக் கூத்தாடி அழைத்துவந்தார். அன்றைக்கே சொல்லிவிட்டார்: "இனிமே இந்த மேசைல போனவங்க எடம் போனவங்களுக்கே."

அடுக்களையும் அண்ணன் கட்டியதுதான். அண்ணி குள்ளம். அதனால் அடுப்பு மேடையை அவள் இடுப்பளவுக்கு இறக்கிக் கட்டினார். "உயரமா இருக்கறவன் குனியட்டும், நீ ஏன் எக்கணும்?" என்றார். அந்த மேடையில் நின்று சமைத்த நாளெல்லாம் அவள் தன்னை ஒரு ராணியாக நினைத்துக்கொண்டாள்.

ஒரு நாள் அண்ணன் மூட்டையை இறக்கிவிட்டு நெஞ்சைத் தடவினார். மாலைக்குள் அவர் இல்லை. மேசையின் உள்கோடியில் அவருடைய நீலக் கோப்பையை விசில் அழுதுகொண்டே கவிழ்த்தார்.

துக்கத்துக்குச் சாத்திய கடையைத் திறக்க அண்ணி வந்தபோது கதவில் புதுப் பூட்டு தொங்கியது. பக்கத்தில் சின்னவன், அதாவது அந்தத் தம்பி, சலவைச் சட்டையில் நின்றான்.

"கட்டடம் எம் பேர்ல இருக்கு" என்றான்.

இருந்தது, பொய்யில்லை. தம்பிக்கு ஒரு பிடிமானம் வேண்டும் என்று அண்ணனே ஆசை ஆசையாக அவன் பேரில் எழுதிவைத்திருந்தார். வளர்த்த கடா மார்பில் பாயும் என்று அந்த வெள்ளந்தி மனுஷனுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

"சரிப்பா, ஒம் பேர்லயே இருக்கட்டும். அடுப்பப் பத்தவைக்கணும், தொற" என்றாள் அண்ணி, இன்னும் புரியாமல்.

"சமையலுக்கு ஆள் வச்சாச்சு. இந்தாம்மா, வழிய விட்டு நில்லுங்க, பெயின்ட்காரங்க வராங்க."

இந்தாம்மா! பெற்றவள் இல்லாத குறை தெரியாமல் தலைவாரிவிட்டவளை, அம்மையில் கிடந்தபோது வாயில் கஞ்சி ஊற்றியவளை, இந்தாம்மா! தெருவே அண்ணி என்கிறது. அப்படிக் கூப்பிடும் ரத்த உரிமை உள்ள ஒருத்தன் இந்தாம்மா என்கிறான். அண்ணி அழவில்லை. அழுகையைவிடப் பெரியதாக ஒன்று அவள் வயிற்றில் கனன்றது.

"ஒரு நாள் என் வாசல்ல வந்து நிப்படா" என்றாள். "அன்னிக்கு ஒனக்கு உக்கார எடம் இருக்காது. இது இந்தப் பூட்டு மேல சத்தியம்."

சின்னவன் சிரித்தான். "ஒனக்கு வாசல் எங்க இருக்கு?"

வாசல் கொடுத்தவள் தையல்கார அக்கா. தெருவின் மறுகோடியில், சின்னவன் கடையைத் தாண்டித்தான் போக வேண்டும், அங்கே அவளுக்கு ஒரு வீடு. முன்னறையில் இருந்த தையல் மெஷினை மாடிக்கு ஏற்றிவிட்டு, "இங்க இருந்துக்க. வாடகையப் பத்திப் பேசின, வாயத் தைச்சிருவேன்" என்றாள். அண்ணி அந்த அறையின் ஜன்னலில் உட்கார்ந்து தெருவைப் பார்த்தாள். பார்த்ததுதான் அவளை இன்னும் எரித்தது. விசில், வெல்டர், லேத்துக்காரர் எல்லாரும் மத்தியானம் ஆனதும் பழக்கப்பட்ட மாடுகள் மாதிரி சின்னவன் கடைக்குள்ளேதான் நுழைந்தார்கள். கால்கள் போன தடத்தில் போயின; வயிறு பாவம், நன்றி பார்க்குமா?

"உப்புப் போட்டுத் தின்ன ஒடம்பாக்கா இதெல்லாம்?" என்று பொருமினாள். "அவன் ஒருத்தன மட்டும் இல்ல, இந்தத் தெருவையே சபிக்கணும்."

"கொஞ்சம் பொறு. அவன் கெட்டுப்போறதுக்கு நாம ஒண்ணும் செய்ய வேணாம், அவனே போதும்" என்றாள் அக்கா.

அப்படித்தான் ஆயிற்று. லேத்துக்காரரின் கை மெஷினில் நசுங்கி, அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அவருடைய அலுமினியக் கோப்பை மேசையில் கவிழ்ந்திருந்தது. அன்று காரில் இரண்டு பேர் வந்து இறங்கினார்கள். பளபளவென்று செருப்பு, கழுத்தில் டை. இடம் இல்லை. சின்னவன் பதறி ஓடிவந்தான். ஒரே விரலால் லேத்துக்காரரின் கோப்பையைத் தட்டி நிமிர்த்தி, துணியால் மேசையைத் துடைத்து, "சார், இங்க உக்காருங்க சார்" என்றான்.

மேசை முழுக்கக் கைகள் தட்டில் நின்றன.

"தம்பி, அது லேத்துக்காரர் எடம்" என்றார் விசில்.

"அவருதான் இல்லியே பெருசு? சும்மா கெடக்கற எடம்தானே?"

விசில் எழுந்தார். சோற்றைப் பாதியில் விட்டு அவர் எழுந்ததை அதற்குமுன் யாரும் கண்டதில்லை. தன் கோப்பையை எடுத்து மேல்துண்டில் துடைத்தார். லேத்துக்காரரின் கோப்பையையும் எடுத்துக்கொண்டார். அடுத்து வெல்டர் எழுந்தார். பிறகு வரிசையாக எல்லாரும். டை கட்டியவர்களுக்கு என்ன நடக்கிறது என்றே தெரியவில்லை. நகர்ந்து உட்காரத் தாராளமாக இடம் கிடைத்ததே என்று பார்த்தார்கள்.

சின்னவனுக்கு அப்போதும் உறைக்கவில்லை. சனியன் விட்டது என்று நினைத்தான். அழுக்குச் சட்டைகள் போனால் வெள்ளைச் சட்டைகள் வரும் என்று கணக்குப் போட்டான். கண்ணாடிக் கதவு வைத்தான், ஏசி வைத்தான், இருவர் இருவராக உட்காரக் குட்டி மேசைகள் வாங்கினான். தங்க விளிம்பு போட்ட கோப்பைகள் வந்தன. நீள மேசையைத் தூக்கிப் பின்சந்தில் குப்பையோடு போட்டான்.

அன்று சாயங்காலம் அண்ணியின் வாசலில் தடதடவென்று சத்தம். தெருவே அந்த மேசையைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து நின்றது.

அண்ணி இடுப்பில் கை வைத்தாள். "நேத்து வரைக்கும் அவன் சோத்த நக்கிட்டு இன்னிக்கு இங்க எதுக்கு வந்தீங்க?"

"திட்டு அண்ணி, நல்லாத் திட்டு" என்றார் விசில், மூச்சு வாங்க. "ஆனா திட்டிக்கிட்டே அடுப்பப் பத்தவையி. பசிக்குது."

சிரிக்கக் கூடாது என்று பல்லைக் கடித்தும் அவளால் முடியவில்லை. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

மேசை அந்த அறைக்கு அடங்கவில்லை. ஒரு கோடி அடுக்களைச் சுவரில் முட்டியது. மறுகோடி வாசலைத் தாண்டி நடைபாதையில் நீட்டிக்கொண்டு நின்றது. அறுத்துவிடலாமா என்று தச்சர் கேட்டதற்கு, "யார் எடத்த அறுப்பீங்க?" என்று விசில் திருப்பிக் கேட்டார். தச்சர் ரம்பத்தைப் பைக்குள் வைத்தார். ஆகவே பகலெல்லாம் கதவு திறந்தே கிடந்தது. கடை அடைக்கும்போது நாலு பேர் பிடித்துத் தூக்கி, மூலைக்கு மூலை சாய்த்து உள்ளே இழுத்தால்தான் கதவைச் சாத்த முடியும்.

அந்த வீட்டு அடுப்பு மேடை அண்ணிக்கு நெஞ்சு உயரம். ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி நின்று சமைத்தாள். சாயங்காலம் முதுகு விண்விண் என்று தெறிக்கும். அப்போதெல்லாம் தெரு முனையில் அண்ணன் இறக்கிக் கட்டிய மேடை நினைவுக்கு வரும். நினைவு வந்ததும் வலி மறந்து கோபம் ஏறும்.

புகைக்குழாய் வைக்க வெல்டர் வந்தபோது, "அண்ணி, குழாயை எந்தப் பக்கம் திருப்பட்டும்?" என்று கேட்டார்.

"எந்தப் பக்கம்னு ஒனக்குத் தெரியாதா?"

வெல்டருக்குத் தெரிந்தது. குழாயைக் கூரைமேல் ஏற்றி, காற்று வாக்கில் சின்னவனின் கண்ணாடிக் கதவைப் பார்த்துத் திருப்பினார். அவன் கடையில் ஆட்கள் உட்காரும் நேரம் பார்த்து அண்ணி எண்ணெயில் வெங்காயத்தைக் கொட்டுவாள். அந்த வாசனை தெருவில் இறங்கி, அவன் கதவு திறக்கும்போதெல்லாம் உள்ளே புகுந்து, ஒவ்வொருவர் மூக்கையும் பிடித்து இழுக்கும். சாப்பிட்டுக்கொண்டிருப்பவன் நிமிர்ந்து, "இது இங்க சமைக்கிறதா?" என்று கேட்பான். சின்னவன் என்ன சொல்லுவான்?

தெருவும் சும்மா இல்லை. பஸ் நிறுத்தத்தில் இறங்கி, "கண்ணாடிக் கதவு போட்ட சாப்பாட்டுக் கடை எங்க?" என்று கேட்டவர்களை டாக்சிக்காரர்கள் மரியாதையாக அண்ணியின் வாசலில் கொண்டுவந்து விட்டார்கள். "கண்ணாடி எங்கப்பா?" என்று கேட்டால், "கழட்டி வேலைக்குக் குடுத்திருக்கு, சாப்பிடுங்க" என்று பதில் வரும். சாப்பிட்டு முடித்ததும் விசில் எல்லாரையும் எழுப்பி, பல் குத்திக்கொண்டே சின்னவன் கடை வாசல் வழியாக ஊர்வலம் போவார். அங்கே நின்று நிதானமாக ஒரு ஏப்பம் விடுவார். அந்த ஏப்பத்தை அண்ணி ஜன்னலிலிருந்து சங்கீதம்போல் கேட்பாள். புதுசுக்கு வந்த வெள்ளைச் சட்டைகள் புதுசு தீர்ந்ததும் வேறு புதுசு தேடிப் போய்விட்டன.

ஒரு மத்தியானம் பின்கதவில் ஒரு பெண் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு நின்றாள். சின்னவனின் மனைவி. அண்ணிக்கு ஓரகத்தி. பார்த்ததும் ரத்தம் கொதித்தது.

"வேவு பாத்துட்டு வரச் சொன்னானா ஒம் புருஷன்?"

"இல்லக்கா." சின்னவள் முக்காட்டை விலக்கினாள். "பசிக்குது. எங்க கடைல சமைக்கிறத அவரே வாயில வைக்க மாட்டேங்கறாரு. உங்கள வெளிய நிறுத்தின அன்னிக்கு நான் வாயத் தொறக்கல. அதுக்கு அடிக்கணும்னா அடிங்க. ஆனா சோறு போட்டுட்டு அடிங்க."

அண்ணி கதவைச் சாத்தத்தான் கை நீட்டினாள். நீட்டிய கை தட்டை எடுத்தது. அன்றிலிருந்து சின்னவள் தினமும் வந்தாள். ஒரு நாள் முந்தானையிலிருந்து ஒரு கோப்பையை எடுத்து மேசையில் வைத்தாள். தங்க விளிம்பு மின்னியது.

"எனக்கும் இங்க ஒரு எடம் வேணும்க்கா."

"ஐயையோ, அவன் கடைக் கோப்பை! பாத்தான்னா?"

"பாக்கட்டும்னுதான் கொண்டாந்தேன்" என்றாள் சின்னவள். அவள் கண்ணிலும் அதே நெருப்பு எரிவதை அண்ணி அப்போதுதான் பார்த்தாள்.

இதோ, இன்றைக்கு அவனே வந்து நிற்கிறான்.

அண்ணி பெட்டியிலிருந்து இறங்கி, கையைத் துடைத்துக்கொண்டு முன்னறைக்கு வந்தாள். மேசைக்கும் நிலைக்கும் நடுவில் இருந்த சந்தில் ஒருக்களித்துத்தான் அவன் நுழைந்திருக்க வேண்டும்; சட்டையில் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. கன்னம் ஒட்டிப்போயிருந்தது. கையில் ஒரு துணிப்பை.

"அண்ணி" என்றான்.

"யாருக்கு அண்ணி? இந்தாம்மான்னு கூப்பிடு, அதான் பழக்கம்."

பெஞ்சில் யாரோ சிரிப்பை விழுங்கினார்கள். சின்னவன் பையிலிருந்து நீலக் கோப்பையை எடுத்தான். அண்ணனின் கோப்பை! எல்லாரும் கோப்பையோடு வெளியேறிய அன்று பதற்றத்தில் விட்டுப்போன ஒன்று அதுதான். குப்பைக்குப் போய்விட்டது என்று எத்தனை நாள் அழுதிருப்பாள்!

"தூக்கிப் போட மனசு வரல" என்றான். கோப்பையை மேசைமேல் வைத்து, பக்கத்தில் ஒரு சாவியையும் வைத்தான். "அடுக்களைச் சாவி. அண்ணன் உங்க உயரத்துக்குக் கட்டின அடுப்பு மேடை அப்படியே இருக்கு அண்ணி. இடிக்கச் சொன்னாங்க, நான் இடிக்கல. நாளைக்கே வந்து நில்லுங்க. இங்க பெட்டி மேல ஏறி நிக்கிறீங்களாமே."

அண்ணியின் முதுகு அந்தக் கணம் அவளுக்குத் துரோகம் செய்தது. விண் என்று ஒரு தெறிப்பு. கண்முன்னே அந்த மேடை, ஜன்னல் வெளிச்சம், சாந்து காயாதபோது அண்ணன் விளையாட்டாகப் பதித்த உள்ளங்கைத் தடம். அவள் கை தன்னையறியாமல் சாவியின் பக்கம் நகர்ந்தது. விசில் தலையைக் குனிந்துகொண்டார். போகாதே என்று சொல்லும் உரிமை தங்களுக்கு இல்லை என்பதுபோல் எல்லாரும் தட்டைப் பார்த்தார்கள்.

அவள் கை நகர்ந்ததைப் பார்த்துச் சின்னவனுக்குத் தெம்பு வந்தது. வாயும் வந்தது.

"சமையல் பூரா உங்க இஷ்டம். நான் கல்லால மட்டும் உக்காந்துக்கறேன். இவங்களையும் கூட்டிட்டு வாங்க. பின்னாடி சாமான் ரூமக் காலி பண்ணித் தரேன், இவங்க அங்க உக்காந்துக்கட்டும். முன்னாடி ஏசில வெளியாளுங்க..."

"கல்லா ஒனக்கு, கரி எனக்கு. இவங்களுக்குச் சாமான் ரூம்" என்றாள் அண்ணி மெதுவாக. "சபாஷ்டா."

"தம்பி, எங்களையும் மூட்டையோட மூட்டையா அடுக்கிருவீங்களா?" என்றார் வெல்டர்.

"அடுக்கினா மேல லேபிள் ஒட்டச் சொல்லு" என்றார் விசில். "நான் பழைய சரக்கு."

அறை வெடித்துச் சிரித்தது. குணமாகி வந்து இடது கையால் சாப்பிடப் பழகியிருந்த லேத்துக்காரரின் சிரிப்புதான் எல்லாவற்றையும்விட உரக்கக் கேட்டது. அண்ணி சாவியை ஒரு விரலால் தள்ளினாள். அன்று அவன் அலுமினியக் கோப்பையைத் தட்டியதும் அப்படி ஒரே விரலால்தான். சாவி மேசையில் வழுக்கிப் போய் அவன் பக்கம் நின்றது. நீலக் கோப்பையை எடுத்து முந்தானையால் துடைத்து, உள்கோடியில் கவிழ்த்து வைத்தாள்.

அவள் கையைத் தொடர்ந்து போன சின்னவனின் பார்வை அங்கேயே சிக்கிக்கொண்டது. நீலக் கோப்பைக்குப் பக்கத்தில் இன்னொன்று கவிழ்ந்திருந்தது. தங்க விளிம்பு.

அந்தத் தெருவில் தங்க விளிம்புக் கோப்பை ஒரே ஒரு கடையில்தான் உண்டு. அந்தக் கடையிலிருந்து ஒன்றை எடுத்துவரக்கூடிய ஆள் ஒரே ஒருத்திதான். மத்தியானத்தில் பசியில்லை என்று எழுந்துபோகிறவள். சமீபத்தில் முகம் தெளிந்திருப்பவள். அவன் முகத்திலிருந்து ரத்தம் வற்றுவதை அண்ணி ஒரு துளி விடாமல் பார்த்தாள். எத்தனை நாள் பட்டினிக்கு இது விருந்து!

அவன் விரல் அந்தக் கோப்பையை நோக்கி நீண்டது.

"தம்பி, தொடாதீங்க" என்றார் விசில். குரலில் இப்போது விளையாட்டு இல்லை. "கவுத்து வச்சது. அதுக்கு உரியவங்க இன்னிக்கு இன்னும் வரல, வந்து நிமித்துவாங்க."

"இது... இது யாரோடது?"

"யாரோடதுன்னு ஒனக்குத் தெரியாதா?" என்றாள் அண்ணி.

அவனுக்குத் தெரிந்தது. பெஞ்சின் ஓரத்தைப் பிடித்து உட்காரப் போனான். அவன் உட்காரப் போன இடத்தில் பெஞ்சில் இருந்தவர் அசையவில்லை. அதற்கு அடுத்தவரும் அசையவில்லை. எதிர்ப்பக்கத்தில் தோள்கள் இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தன. வாசலைத் தாண்டி நடைபாதைவரை நீண்டிருந்த அந்த மேசையில், முதல் கோடியிலிருந்து கடைசிக் கோடிவரை, அவனுக்கு ஒரு சாண் இடம் இல்லை.

அவன் சாவியைப் பொறுக்கிக்கொண்டான். "காலைலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல" என்றான், சின்னப் பிள்ளைக் குரலில்.

அண்ணி உள்ளே போனாள். கருகிய மீனையும் சோற்றையும் தாளில் மடித்து, நூல் சுற்றிக் கொண்டுவந்தாள். வழிப்போக்கர்களுக்குக் கட்டிக் கொடுக்கும் பொட்டலம்.

"ஒரு பக்கம் கருகிப்போச்சு" என்றாள். "இவங்க தட்டுல போட முடியாது. நீ எடுத்துட்டுப் போ."

சின்னவன் வாங்கிக்கொண்டான். பசி அப்படி. வந்தபடியே ஒருக்களித்து, வயிற்றை எக்கி, சந்தின் வழியே வெளியே நழுவினான்.

"விசிலண்ணே, கதவச் சாத்தணும்" என்றாள் அண்ணி.

"இப்பவா? பட்டப்பகல்ல? எல்லாரும் சாப்பிட்டுட்டு இருக்கோமே?"

"இப்பதான்."

விசில் அவள் முகத்தைப் பார்த்தார். தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார். எல்லாரும் தட்டோடும் கோப்பையோடும் எழுந்தார்கள். வெளியே நடைபாதையில் இருந்தவர்கள் உள்ளே வந்து சுவரோடு சுவராக ஒட்டி நின்றார்கள். நாலு பேர் மேசையைத் தூக்கி, மூலைக்கு மூலை சாய்த்து, உள்ளே இழுத்தார்கள். கவிழ்ந்திருந்த இரண்டு கோப்பைகளையும் லேத்துக்காரர் நல்ல கையால் அணைத்துப் பிடித்துக்கொண்டார்.

கதவைச் சாத்தினார்கள்.

வெளியே ஒரு கனைப்புக் கேட்டது. சின்னதாக, ஒன்று.

இரண்டாவது வருவதற்குள் அண்ணி தாழ்ப்பாளைப் போட்டாள்.